உப்பு விளைந்த ஆண்டின் ஸ்தோத்திரப் பண்டிகை

அந்த ஆண்டு ஸ்தோத்திரப் பண்டிகை வேண்டுமா வேண்டாமா என்று மூப்பர்கள் கூடிப் பேசியபோது, தன்னைக் கேட்கும்வரை போதகர் லீவன் வாயைத் திறக்கவே இல்லை.

கடலுக்குத் தாழ்வாகக் கிடந்த ஒரு தீவில், ஔடெநிஸ் என்ற ஊரில், நவம்பர் மாதத்து முதல் புதன்கிழமை என்றால் அது ஸ்தோத்திரப் பண்டிகை. உருளைக்கிழங்கும் வெங்காயமும் வீடு வந்து சேர்ந்தபின், எல்லோரும் கறுப்பு உடுத்திக் கோயிலில் கூடி ஆண்டவருக்கு நன்றி சொல்லும் நாள். ஜெர்மன்காரன் ஊரைப் பிடித்து வைத்திருந்த போர்க்காலத்தில்கூட அது நின்றதில்லை. ஆனால் 1953-ல் வீடு வந்து சேர ஒன்றுமே இருக்கவில்லை. பிப்ரவரியில் கடல், ஊரைக் காத்த மண்கரையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. தீவின் பாதியை விழுங்கிவிட்டு, வசந்தம் வரும்வரை வடியாமல் கிடந்தது. வடிந்த பிறகு பார்த்தால் நிலமெல்லாம் உப்பு. வெயில் அடித்தால் வயல்கள் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைத்தன. ஆப்பிள் மரங்கள் நின்ற இடத்திலேயே செத்துப்போயிருந்தன.

“ஸ்தோத்திரம் எதுக்குங்கறேன்?” என்றார் மூப்பர் பவ்வன். பருத்த மனிதர், எதையும் சிரிப்பில் கொண்டுபோய் முடிப்பவர். “நண்டு விளைஞ்சதுக்கா? திரும்பி வந்து பீரோவைத் திறக்கறேன், என் கல்யாணக் கோட்டுக்குள்ள நண்டு குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கு!”

ஒருவரும் சிரிக்கவில்லை. மேசைக் கோடியில் மூப்பர் மரீனுஸ் எழுந்து நின்றார். ஒல்லியான உடம்பு, குச்சி மாதிரி நிமிர்ந்த முதுகு.

“ஸ்தோத்திரம் வேணாம். அதை உபவாச நாளா மாத்துவோம். அடிச்சவரு எதுக்காக அடிச்சாருன்னு யோசிக்கிற நாளா இருக்கட்டும். ஓய்வுநாளும் அதுவுமா பந்து உதைக்கப் போனாங்கல்ல? அது மேல இருக்கறவரு கண்ணுல படலைன்னா நினைச்சீங்க?”

மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து விளையாடப் போனவர்களில் முதல் ஆள் மரீனுஸின் மகன் கிரைன்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காகவே அப்பன் அவனை வீட்டைவிட்டு விரட்டினார். அவன் கடற்கரைப் பக்கம் இருந்த அப்பனின் பண்ணைக் களஞ்சியத்தில் தனியாகத் தங்கியிருந்தான். வெள்ளம் முதலில் தொட்டது அந்தக் களஞ்சியத்தைத்தான். ஈஸ்டர் சமயத்தில் நீர் வடிந்தபோது, பந்தாட்டத்துக்குப் போடும் சிவப்பு வெள்ளைச் சட்டையோடு சேற்றில் கிடைத்தான். மகனை மண்ணுக்குள் இறக்கியபோது மரீனுஸ் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

“போதகரே, நீங்க என்ன சொல்றீங்க?” என்றார் பவ்வன்.

“எனக்கு ஒரு வாரம் டைம் கொடுங்க,” என்றார் லீவன்.

லீவனுக்கு வாய் அடைத்துப்போனதற்குக் காரணம் உண்டு. போதகர் வீடு கோயிலை ஒட்டி மேட்டில் இருந்தது. வெள்ளம் வாசற்படிவரை வந்து, அங்கேயே நின்று, திரும்பிப் போய்விட்டது. மனைவி டீனாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் கால்கூட நனையவில்லை. உள்ளங்கைத் தோல் உரியும்வரை கோயில் மணியை அடித்துவிட்டு விடியலில் வீட்டுக்கு வந்தவர், நால்வரும் உயிரோடு இருப்பதைக் கண்டதும், “ஆண்டவரே, ஸ்தோத்திரம்!” என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்ன வாய் மூடுமுன் ஜன்னல் வழியே பார்த்தார். எதிர்த்தெரு இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது.

அன்றோடு அந்தச் சொல் அவர் தொண்டையில் முள்ளாகக் குத்தி நின்றுவிட்டது. என் வீட்டைக் காப்பாற்றியதற்கு நன்றி என்றால், எதிர்வீட்டைக் கைவிட்டதற்கு என்ன சொல்வது? இரண்டும் ஒரே கை செய்த வேலைதானே? இறையியல் கல்லூரியில் இதற்குப் பெரிய பெரிய பதில்களைப் படித்திருந்தார். அவற்றில் ஒன்றை, தகப்பன் சித்தமில்லாமல் எதுவும் நடப்பதில்லை என்பதை, ஒவ்வொரு கல்லறைக் குழியின் முன்னும் நின்று சொன்னார். சொல்லும்போது எதிரில் நின்றவர்களின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. முக்கியமாக, தலைமையாசிரியர் யானிஸின் முகத்தை.

யானிஸ் கடவுள் இல்லை என்பவர். அதை அந்த ஊரில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு உத்தியோகத்திலும் நீடித்தார் என்றால், பிள்ளைகளுக்குக் கணக்கு அவ்வளவு நன்றாக வந்ததுதான் காரணம். அவர் மனைவி யாக்கோபா பக்தியுள்ளவள். அவள் கோயிலுக்குப் போவாள், அவர் அவளை வாசல்வரை கொண்டுவிட்டுத் திரும்பிவிடுவார். போதகருக்கும் வாத்தியாருக்கும் அப்படி ஒரு சிநேகம். திங்கட்கிழமை மாலை ஆனால் யாக்கோபா போடும் காப்பியைக் குடித்துக்கொண்டு இருவரும் வாதம் செய்வார்கள். “ஓய், தடுக்க முடிஞ்சும் தடுக்கலைன்னா அவரு நல்லவரு இல்ல. தடுக்கணும்னு நினைச்சும் முடியலைன்னா அவரு கடவுளே இல்ல. எதுன்னு நீரே சொல்லும்!” என்பார் யானிஸ். “நீரு குத்தம் சொல்றதுக்காவது அவரு வேணும்ல?” என்பார் லீவன். யாக்கோபா அடுப்படியிலிருந்து, “ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டு எனக்குச் சொல்லுங்க, அதுவரைக்கும் நான் ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கேன்!” என்று குரல் கொடுப்பாள்.

அந்த யாக்கோபாவை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அதற்குப்பின் லீவன் அந்த வாசலை மிதிக்கவில்லை. வாத்தியார் தன் பழைய கேள்வியை எடுத்து நீட்டினால் என்ன செய்வது என்ற பயம்.

மூப்பர் கூட்டத்துக்கு மறுநாள் டீனா அவர் தொப்பியை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

“போய் யானிஸைப் பார்த்துட்டு வாங்க.”

“என்னத்தைச் சொல்றது, டீனா?”

“சொல்ல ஒண்ணும் இல்லைன்னா சும்மா உக்காந்துட்டு வாங்க. உங்களைப் பிரசங்கம் பண்ணச் சொல்லி யாரு கூப்பிட்டா?”

யானிஸ் இப்போது நார்வேக்காரர்கள் இலவசமாகக் கட்டி அனுப்பிய மரவீடுகளில் ஒன்றில் இருந்தார். புதுப் பலகை வாசம் வீசும் வீடு. லீவன் போனபோது அடுப்பில் பட்டாணி சூப் அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்தது.

“வாரும் ஓய். நல்ல நேரத்துக்குத்தான் வந்தீரு. இதைத் தின்னுட்டுச் செத்தா நேரா உம்ம ஆளுகிட்டயே போய்ச் சேரலாம்.”

இருவரும் கரண்டியும் கையுமாகப் பானையைச் சுரண்டினார்கள். லீவன் கேள்வி வரும் வரும் என்று காத்திருந்தார். அது வரவில்லை. கடைசியில் அவரே பொறுக்கமாட்டாமல், “ஏன் வாத்தியாரே, என்னைக் கேக்கலையா?” என்றார்.

“என்னத்தைக் கேக்க?”

“வழக்கமா கேக்கறதை.”

யானிஸ் கரண்டியைக் கீழே வைத்தார்.

“கேட்டுக் கேட்டுப் பார்த்தேன், லீவன். சுவத்துகிட்டதான். அந்தக் கேள்வி சரியான கேள்விதான், அதுல தப்பில்ல. ஆனா எனக்கு இப்ப இருக்கற கஷ்டம் அது இல்ல. வேற.” பானையை ஓரமாக நகர்த்தினார். “அன்னைக்குத் தண்ணி ஏறினப்ப நாங்க பரண்ல ஏறிட்டோம். பக்கத்து வீட்டுத் தபால்காரர் தன்னோட ரெண்டு பெண் பிள்ளைகளையும் ஜன்னல் வழியா எங்ககிட்ட தூக்கிக் குடுத்தாரு. சுவர் விழுந்து கூரை மட்டும் தெப்பம் மாதிரி மிதந்துச்சு. அவ என்ன செஞ்சா தெரியுமா? பரண்ல காயப்போட்ட ஆப்பிள் ரெண்டு மூணை மடியில கட்டிக்கிட்டா. விடியறவரைக்கும் பிள்ளைகளுக்கு அதைக் கடிச்சுக் கடிச்சு ஊட்டினா. பாட்டுப் பாடினா. என்னைப் பார்த்து, ‘ஏங்க, கூரை ஒழுகுது ஒழுகுதுன்னு எத்தனை வருஷமா சொன்னேன், பார்த்தீங்களா’ன்னு சிரிச்சா. கூரை மேல உக்காந்துகிட்டு! வெளிச்சம் வந்தப்ப ஒரு அலை வந்துச்சு. நான் திரும்பறதுக்குள்ள இல்ல.”

லீவனும் தன் கரண்டியைக் கீழே வைத்தார்.

“எனக்கு அழுகை வருது, சரி. ஆனா அதைவிட என்ன வருதுன்னா... நன்றி வருது. இப்படி ஒருத்தியோட இத்தனை வருஷம் இருந்தேனேன்னு. நெஞ்சு அடைக்குது. யாருகிட்ட சொல்றது? எனக்கு நன்றி இருக்கு ஓய், சொல்ல ஆளு இல்ல.”

லீவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். மணிக்கயிறு கிழித்த தழும்பு இன்னும் இருந்தது.

“எனக்கு ஆளு இருக்காரு,” என்றார் மெல்ல. “நன்றிதான் வரமாட்டேங்குது.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு யானிஸ் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பானது. “நல்ல சோடி ஓய் நாம! ரெண்டு பேரையும் சேர்த்துத் தைச்சா ஒரு முழுக் கிறிஸ்தவன் தேறுவான்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரே சொன்னார்: “மேல இருக்கறவரு விஷயம் கிடக்கட்டும். கீழ ஒருத்தன் இருக்கான். அன்னைக்கு மத்தியானம் எங்க மூணு பேரையும் கூரையிலேர்ந்து தூக்கினவன். அவன் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்ல, குளிர்ல பாதி உசிரு போயிருந்துச்சு. படகு மூக்குல யெர்செக்கெ ஊருப் படகுகளுக்குப் போடற எழுத்து இருந்துச்சு, அது மட்டும் தெரியும். அவனைத் தேடிப் போய் ஒரு வார்த்தை சொல்லணும். தனியாப் போக என்னமோ மாதிரி இருக்கு. நீரு வாரீரா?”

மறுநாள் காலையில் சைக்கிளைப் படகில் ஏற்றிக்கொண்டு இருவரும் போனார்கள். யெர்செக்கெ துறைமுகத்தில் சிப்பிப் படகுகள் வரிசையாக நின்றன. விசாரித்தால், “பிப்ரவரில எல்லாருந்தான் போனோம், யாரைன்னு கேக்கறீங்க?” என்றார்கள். ஔடெநிஸ், கூரை, ஒரு பெரியவர், இரண்டு பெண் குழந்தைகள் என்று விவரம் சொன்னதும் ஒரு படகோட்டி வாயிலிருந்த சுருட்டை எடுத்தான்.

“அது ஈமன். அந்தக் கோடி வீடு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், அவன்கிட்ட அந்தப் பேச்சை எடுத்தா எழுந்து போயிடுவான்.”

அப்படித்தான் நடந்தது. கதவைத் திறந்த ஈமன் தோள் அகன்ற ஆள். யானிஸ் தொப்பியைக் கழற்றி, “ஐயா, நான் ஔடெநிஸ் வாத்தியார், நீங்க அன்னைக்கு...” என்று தொடங்கியதுமே அவன் முகம் இருண்டது. “அதெல்லாம் வேணாம்,” என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். சாத்திய கதவு உடனே மறுபடி திறந்தது. உள்ளிருந்து ஒரு பெண், கை நிறைய மாவோடு, எட்டிப் பார்த்தாள்.

“உள்ள வாங்க! வந்தவங்களை வாசல்ல நிக்க வைக்கிற பழக்கம் எங்க வீட்டுல கிடையாது, இந்த மனுஷன் என்ன பண்ணினாலும். நான் யிக்கெமீனா, இவருக்கு வாக்கப்பட்ட பாவி. உக்காருங்க. போலுஸ் இப்பதான் அடுப்புலேர்ந்து எடுத்தேன், சூட்டோட தின்னுங்க.”

சர்க்கரைப்பாகு ஒழுகும் போலுஸ் ரொட்டியும் காப்பியும் வந்தன. ஈமன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“வெள்ளத்துக்கு அப்புறம் இந்த ஆளு ஒரு நாளும் சரியாத் தூங்கல,” என்றாள் யிக்கெமீனா. “எதுக்குன்னு என்கிட்டயும் சொல்லல. அன்னைக்கு என்ன வீரமாக் கிளம்பினாரு தெரியுமா? எங்க மூப்பர் ஒருத்தர் வழி மறிச்சு, ஞாயித்துக்கிழமை படகு எடுக்கறியான்னு கேட்டாரு. ‘கழுதை குழியில விழுந்தா ஓய்வுநாள்லயும் தூக்கலாம்னு வேதத்துலயே இருக்குல்ல, போங்க அந்தப் பக்கம்’னு சொல்லிட்டுக் கிளம்பினாரு!”

“யிக்கே, போதும்,” என்றான் ஈமன். பிறகு யானிஸ் பக்கம் திரும்பினான். “ஐயா, எனக்கு நன்றி சொல்லாதீங்க. உங்களைக் காப்பாத்தினதா ஊரே சொல்லுது. நான் அன்னைக்குப் பார்த்தது ஒரு கூரை இல்ல. ரெண்டு.”

யிக்கெமீனா காப்பிக் கெண்டியைக் கீழே வைத்தாள்.

“கிட்ட இருந்த கூரையில ஒத்தை ஆளு. தூரத்துல இருந்தது உங்களுது. என்னோடது சின்னப் படகு. தண்ணி இழுத்த இழுப்புல ஒண்ணுக்குப் போனா இன்னொண்ணை விட்டுடணும். நான் கிட்ட இருந்தவன் பக்கந்தான் திருப்பினேன். யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க. அவன் என்னைப் பார்த்துட்டு எழுந்து நின்னான். அந்தக் கூரையில நிக்கலாமா? ஆட ஆட நின்னு, கையை நீட்டி உங்க பக்கம் காட்டறான். எனக்குப் புரியல. இன்னும் கிட்டப் போனேன். ‘குழந்தைங்க! அங்க குழந்தைங்க இருக்கு!’ன்னு கத்தினான். நீங்க பிள்ளைகளைக் கோட்டுக்குள்ள வச்சு மூடியிருந்தீங்க, எனக்கு எப்படித் தெரியும்? அவன் இருந்த இடத்துலேர்ந்து பார்த்திருக்கான். ‘போ! போ!’ன்னு விரட்டறான் என்னை. நான் போயிட்டேன். உங்களை ஏத்திவிட்டுட்டுத் திரும்பி வந்தப்ப அந்தக் கூரையே இல்ல.” கையால் முகத்தைத் துடைத்தான். “சின்னப் பையன் ஐயா. இருபது சொச்சம் வயசு இருக்கும். சிவப்பும் வெள்ளையுமாக் கோடு போட்ட சட்டை, பந்து விளையாடறவங்க போடறது.”

அந்தச் சட்டையை லீவனுக்குத் தெரியும். யானிஸைப் பார்த்தார். யானிஸ் கோப்பையைத் தட்டில் வைத்தார்.

அவனைத் தெரியும், எங்கள் ஊர் மூப்பரின் மகன் என்று யானிஸ் சொன்னார். கிரைன் என்ற பெயரை ஈமன் இரண்டு மூன்று முறை தனக்குள் சொல்லிப் பார்த்தான். யிக்கெமீனா மாவுக் கையோடு புருஷனின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். யானிஸ் எழுந்துபோய் அவன் எதிரில் நின்றார்.

“தம்பி, நீ என்ன சொன்னாலும் நான் நன்றி சொல்லத்தான் போறேன். அந்தப் பையன் கை காட்டினான். காட்டின திசையில போறதுக்கும் ஒருத்தன் வேணும்ல? நீ போனே. அந்த ரெண்டு பிள்ளைகளும் இப்ப பள்ளிக்கூடத்துல என் உசிரை வாங்குதுங்க. பெரியவளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சுத்தமா வரல. அதையும் நீ தெரிஞ்சுக்கணும்.”

ஈமன் சிரித்தான். கண்ணிலிருந்து நீர் வழிய, பெரிய உடம்பு குலுங்கச் சிரித்தான்.

இருவரும் படகில் ஊர் திரும்பினார்கள். மரீனுஸிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் இருவர் மனத்திலும் ஓடியது. அவர் தன் வயலில் உப்பை முறிக்கும் ஜிப்சம் பொடியை மண்வெட்டியால் வீசிக்கொண்டிருந்தார். லீவன் வரப்பில் நின்றபடி, கூட்டாமல் குறைக்காமல், கேட்டதைக் கேட்டபடி சொன்னார். மரீனுஸ் மண்வெட்டியை நிறுத்தவில்லை. வெள்ளைப் பொடி காற்றில் பறந்து அவர் கறுப்புச் சட்டையில் படிந்தது. சொல்லி முடித்தபின் முதுகைக் காட்டியபடியே கேட்டார்:

“எந்தக் கை?”

“என்ன மூப்பரே?”

“எந்தக் கையால காட்டினான்?”

அதை இருவருமே கேட்டு வரவில்லை. மரீனுஸ் மண்வெட்டியை மண்ணில் குத்தி நிறுத்திவிட்டு நேராக வீட்டுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் படகுத்துறைக்கு நடந்தார்.

அடுத்த நாள் பகலில் போதகர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. ஈமனைப் பார்த்துவிட்டு வந்த மரீனுஸ் நின்றார். யானிஸும் அப்போது அங்கே இருந்தார். உட்காரச் சொல்லியும் மரீனுஸ் உட்காரவில்லை.

“இடது கை,” என்றார்.

லீவனுக்கு விளங்கவில்லை. யானிஸ் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

“அவன் இடது கைக்காரன், போதகரே. சின்ன வயசுல சாப்பிடறது, எழுதறது எல்லாம் அந்தக் கைதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அடிச்சு அடிச்சு மாத்தினேன். என் எதிர்ல வலது கையாலதான் எல்லாம் செய்வான். அன்னைக்கு...” அவர் குச்சி முதுகு முதல் முறையாக வளைந்தது. “அன்னைக்கு யாரும் பக்கத்துல இல்ல. அவன் கையாலயே காட்டியிருக்கான்.”

“நானும் அந்தக் கையைப் பெஞ்சோட கட்டிப் போட்டிருக்கேன், மரீனுஸ்,” என்றார் யானிஸ். “முதலாம் வகுப்புல. அப்ப அதுதான் முறைன்னு சொன்னாங்க. அந்தக் கைதான் என்னைக் காப்பாத்தியிருக்கு.”

மரீனுஸ் அப்போதுதான் உட்கார்ந்தார். அழுதார். டீனா ஓடி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். லீவனுக்கு எந்தப் பதிலும் நினைவுக்கு வரவில்லை. வராதது நல்லதாயிற்று என்று பின்னால் நினைத்துக்கொண்டார். அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். எட்டு மாதங்களாக வராத அழுகை.

போகும்போது மரீனுஸ் கதவருகே நின்றார். “தண்டிக்கப்பட்டுச் செத்தான்னு நினைச்சுட்டேன். என் பிள்ளையை நானே நரகத்துக்கு அனுப்பி வச்சுட்டுக் கணக்குத் தீர்ந்துதுன்னு உக்காந்திருந்தேன்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “பண்டிகையை வைங்க, போதகரே. என்னைச் சிரிக்க மட்டும் சொல்லாதீங்க.”

புதன்கிழமை கோயில் நிறைந்து வழிந்தது. ஈமனும் யிக்கெமீனாவும் படகில் வந்திருந்தார்கள். யானிஸ் வாசலில் நின்று இங்கும் அங்கும் பார்த்துவிட்டு, யாக்கோபா வழக்கமாக உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த கிழவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல், பிரசங்கத்துக்கென்று கைப்பையில் வைத்திருந்த பெப்பர்மின்ட் மிட்டாய்களில் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

லீவன் பிரசங்க மேடையேறினார். எழுதி வந்ததை மடித்து வைத்துவிட்டார்.

“குழி முன்னால நின்னு உங்களுக்கு ஒரு பதில் சொன்னேன்,” என்று ஆரம்பித்தார். “பதில் தெரிஞ்சவன் மாதிரி சொன்னேன். கடல் எதுக்கு வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. யாரு பாவத்துக்கும் வரலைங்கறது மட்டும் தெரியும். நாம கும்பிடற ஆண்டவரும் சிலுவையில தொங்கிக்கிட்டு, ஏன், ஏன்னுதான் கேட்டாரு. அவருக்கே அப்ப பதில் வரல. வராமலே தகப்பன் கையில தன்னை ஒப்படைச்சாரு. அதனால, ஏன்னு கேக்கறவங்க பக்கத்துல அவரு நிக்கறாருன்னு நான் நம்பறேன். பதில் கிடைச்சாத்தான் நன்றி சொல்லலாம்னு இத்தனை மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அது தப்பு. நம்ம யாக்கோபா பதில் தெரிஞ்சுக்கிட்டா கூரை மேல ஆப்பிள் ஊட்டினா? கிரைன் பதில் தெரிஞ்சுக்கிட்டா கை காட்டினான்? அந்த மனசு எங்கேர்ந்து வந்துச்சு? உப்புத் தண்ணியிலேர்ந்து வரல. எங்கேர்ந்து வந்துச்சோ, அங்க என் நன்றியைச் சொல்றேன். என் பிள்ளைங்க உசிரோட இருக்கறதுக்கும் சொல்றேன். உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே சொல்றேன். என்னைப் பொறுத்துக்குங்க.”

கிரைன் என்ற பெயர் மேடையிலிருந்து ஒலித்தபோது மூப்பர்கள் பெஞ்சில் மரீனுஸ் எழுந்து நின்றார். பிரசங்கத்தின் நடுவில் எழுந்து நிற்பது அந்தக் கோயிலில் நடக்காத காரியம். அவருக்குப் பின்னால், வெள்ளத்தில் உயிர் தப்பியிருந்த தபால்காரர் தன் இரு மகள்களையும் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு ஈமன். பிறகு எல்லோரும். ஒருவர் பாட்டைத் தொடங்க, சபை மெதுவாக, இழுத்து இழுத்து, அந்தத் தீவின் வழக்கப்படி பாடியது. பாடத் தெரியாத யானிஸ் வாயில் மிட்டாயோடு நின்றுகொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் விருந்து. ஈமன் கூடை கூடையாகச் சிப்பி கொண்டுவந்திருந்தான். நிலம் ஒன்றும் கொடுக்காத ஆண்டில் கடலே சோறு போட்டது. “இந்தக் கடலைத் திங்கறதுல எனக்கு ஒரு தனி சந்தோஷம்,” என்று பவ்வன் மூன்றாவது தட்டை நீட்டினார். இப்போது எல்லோரும் சிரித்தார்கள். யிக்கெமீனா டீனாவிடம், “இந்த மனுஷன் இப்ப நல்லாத் தூங்கறாரு அக்கா. விடற குறட்டையில என்னாலதான் தூங்க முடியல,” என்று அலுத்துக்கொண்டாள்.

கேள்வி தீர்ந்துவிடவில்லை. யானிஸ் அதன்பின்னும் கடவுளை நம்பவில்லை; ஆனால் ஒவ்வொரு நவம்பரிலும் அந்தப் புதன்கிழமை மட்டும் கோயிலுக்கு வந்தார். திங்கட்கிழமைகளில் லீவனோடு மல்லுக்கட்டினார். காப்பியை இப்போது அவரே போட்டார். அது சகிக்கமுடியாமல் இருந்தது. லீவன் முழுசாகக் குடித்துவிட்டுத்தான் வருவார்.

மறு வசந்தத்தில் உப்பைத் தாங்கும் வாற்கோதுமையை விதைத்தார்கள். பாதிதான் முளைத்தது; முளைத்தது பச்சையாக இருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஊர் இளவட்டங்கள் நான்கைந்து பேர் தயங்கித் தயங்கி மரீனுஸின் வாசலுக்கு வந்தார்கள். கிரைன் தங்கியிருந்த களஞ்சியத்தின் இடம் சும்மா கிடக்கிறதே, பந்தடிக்கக் கிடைக்குமா என்று கேட்டார்கள். மரீனுஸ் அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“எடுத்துக்குங்க,” என்றார். “ஞாயித்துக்கிழமை மட்டும் கூடாது.”

சனிக்கிழமை மாலைகளில் போதகரும் வாத்தியாரும் சைக்கிளில் அந்தப் பக்கம் போவார்கள். கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக மரீனுஸ் எல்லைக்கோட்டின் ஓரம் நின்றிருப்பார். கடற்காற்று அடிக்கும். ஆட்டத்தின் விதிகள் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எவன் கோல் போட்டாலும், எந்தப் பக்கத்துக்காரனாக இருந்தாலும், கையைத் தட்டினார்.